கண்ணிழந்த கமராக்கள்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரமாகக் கரடிப்போக்குச் சந்தியை அண்மித்துள்ள கடையொன்றிலே, முன்பக்கம் முழுவதும் கைத்தொலைபேசிகளுக்கும் அவற்றின் உறைகளுக்கும் விடப்பட்டிருக்க, பின்பக்கத்து மேசையில் மட்டும் பழைய டிஜிட்டல் கமராக்களைத் திருத்தும் வேலை இன்றும் நடந்துவருகிறது என்று கேள்வியுற்று, அத்தொழிலை நேரிற் காணும் ஆவலோடு சென்றிருந்தேன். மேசைக்குரியவர் ஐம்பதைக் கடந்தவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரியே தடைசெய்யப்பட்ட பண்டமாயிருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். யந்திரங்களோடு அவருக்குள்ள பரிச்சயம் அந்த நிர்ப்பந்தத்திலே பிறந்தது.

அவர் முன் விரித்திருந்த வெள்ளைத் துணியின்மேல் ஒரு கனன் பவர்ஷொட் ஏ-75 கிடந்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 பாதை திறந்து, கொழும்புச் சாமான்களும் வெளிநாட்டு உறவினரின் பயணப் பெட்டிகளும் வன்னிக்குள் தடையின்றி வரத்தொடங்கிய காலத்துக் கமரா அது. நான்கு பென்ரோச் பற்றரிகளில் இயங்குவதாகையால், மின்கம்பி எட்டாத கிராமங்களுக்கு மிகவும் உகந்த சாதனமாயிருந்தது.

“இதைப் பாருங்கோ அண்ணை,” என்று அதை இயக்கினார். முன்னர் எடுத்த படங்கள் ஒவ்வொன்றாய்த் திரையில் தெளிவாகத் தோன்றின. படமெடுக்கும் நிலைக்கு மாற்றியதும் திரை கறுத்து, ஊதா நிறக் கோடுகள் குறுக்கே ஓடின. “பழைய படம் வடிவாய்த் தெரியுது. அப்ப திரையிலயும் பிழையில்லை, போர்டிலயும் பிழையில்லை. இதுக்குக் கண்தான் போயிட்டுது. ஞாபகம் அப்பிடியே இருக்கு.” ஆயினும் அவ்வளவில் தீர்ப்புச் சொல்லிவிடுபவரல்லர் அவர். ஷட்டரின் இதழ்கள் மூடியபடி சிக்கிக்கொண்டாலும் படம் இருண்டே வருமாதலின், லென்சை ரியூப் லைற்றுக்கு நேரே பிடித்து உள்ளே நோக்கினார். இதழ்கள் திறந்திருந்தன, பழுது சென்சரில்தான் என்பது நிச்சயமாயிற்று.

அந்தச் சென்சர் சீசீடீ எனப்படும் வகையைச் சேர்ந்தது. விழும் ஒளியை மின்னேற்றமாக்கி, அதை வரிசை வரிசையாக நகர்த்தியெடுத்துக் கணக்கிடும் இந்த வித்தையை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் கண்டறிந்தார்கள். அதற்கான நோபல் பரிசு அவர்களுக்கு 2009இல்தான் கிடைத்தது. சில்லையும் அதன் வெளிமுனைகளையும் இணைப்பவை மயிரினும் மெல்லிய கம்பிகள். சோனி நிறுவனம் தயாரித்த சில்லுகள் சிலவற்றில், வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த இடங்களில் அக்கம்பிகளின் பொருத்து விடுபட்டுப்போவது தெரியவரவே, 2005ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சோனி, கனன், நிக்கொன் முதலிய நிறுவனங்கள் அவ்வாறு பழுதான கமராக்களை இலவசமாகத் திருத்தித் தருவதாக அறிவித்தன. கச்சான் காற்றின் அனலையும் மாரி மழையின் ஈரத்தையும் ஆண்டுதோறும் மாறி மாறி அனுபவிக்கும் வன்னியைவிட அந்நோய்க்கு இசைந்த பூமி வேறு வேண்டியதில்லை. ஆனால், 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மீண்டும் மூடப்பட்டது. இடைப்பட்ட அந்தக் குறுகிய காலத்துள் எத்தனை பேர் அச்செய்தியை அறிந்து, கமராவைக் கொழும்புவரை கொண்டுசென்றிருக்கக்கூடும்? வழி திறந்திருப்பவர்க்கே சலுகையும் சலுகையாகிறது.

இன்று அந்தச் சில்லுகள் புதிதாய் வருவதில்லை. லென்ஸ் உடைந்த இன்னொரு கமராவிலிருந்து சென்சரைக் கழற்றி மாற்றுவதொன்றே வழி. முதலில் பிளாஷின் கொண்டளவியை வெறுமையாக்குகிறார். பற்றரியை அகற்றிய பின்பும் அதில் ஏறக்குறைய 300 வோல்ற் தங்கியிருக்கக்கூடும். பின்னர், கழற்றும் திருகாணிகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே ஒட்டுநாடாவில் பதித்து வைக்கிறார். மாற்றிப் பொருத்தும் சென்சர் நூலிழையளவு சரிந்து அமர்ந்தாலும் படத்தின் ஒரு மூலை மங்கிவிடும். ஒரு தூசி உட்புகுந்தால் ஒவ்வொரு படத்திலும் அது கறையாய் நிற்கும். அத்தனை சிரத்தையோடு செய்து முடித்தபின்பும் அவர் உத்தரவாதம் கொடுப்பதில்லை. “மாத்திப் போடுறதும் அதே காலத்துச் சாமான்தானே அண்ணை, அதுக்குள்ளயும் அதே வருத்தம் இருக்கும்.”

நான் இருந்தபோதே, மகளுடன் வந்த முதியவள் ஒருத்தி, கைலேஞ்சியில் சுற்றிய கமராவொன்றை மேசையில் வைத்தாள். “தம்பி, படம் எடுக்கிறதுக்கில்லை. உள்ளுக்க இருக்கிறதை எடுத்துத் தந்தால் காணும்.”

“சிப்பை முதலில பிரதி பண்ணுவம் அம்மா. கமராவைப் பிறகு பாப்பம்,” என்றார் அவர். இந்த ஒழுங்கை அவர் யாருக்காகவும் மாற்றுவதில்லை. அக்காலத்துக் கமராக்கள் பலவற்றின் நினைவட்டை கொம்பாக்ற் பிளாஷ் வகையானது. அதை வாசிக்கும் கருவியினுள் 50 ஊசிகள் உண்டு. அவசரத்தில் அட்டையைச் சரித்துச் செருகினால் ஊசி வளைந்துவிடும். பிரதியான படங்களில் பதிந்திருந்த திகதிகளையும் அவர் அப்படியே நம்பிவிடுவதில்லை. உள்ளிருக்கும் சிறு பற்றரி தீர்ந்தால் கமராவின் கடிகாரம் தொடக்கத்துக்கே திரும்பிவிடும் என்பதால், எந்தத் திருவிழா, யாருடைய சாமத்தியச் சடங்கு என்று தாயையும் மகளையும் விசாரித்துத் தாளில் குறித்துக்கொண்டார்.

இடப்பெயர்வுகளில் அல்பங்களை இழந்த குடும்பங்களுக்கு இத்தகைய அட்டை எவ்வளவு பெறுமதியுடையது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில், ஒவ்வொரு தாயும் கையில் ஏந்தியிருந்தது ஒரு புகைப்படத்தையே. ஆகவே, இந்தத் தொழிலின் சாரம் பழுதானதைப் புதிதாக்குவதிலன்று, பழுதானது எது, பழுதாகாதது எது என்று பிரித்தறிவதிலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். படம் வராத கமராவைப் பயனற்றதென்று அட்டையோடு எறிந்துவிடுபவர் இந்த விவேகத்தை அறியாதவர்.

கடையிலுள்ள இளைஞர்கள் தொலைபேசி வேலையையே விரும்பிக் கற்கிறார்கள். அதிலே வருமானம் இருப்பதால் அவர்களைக் குறைகூற இயலாது. ஆனால், பழைய அட்டைகளை வாசிக்கும் கருவிகள் அரிதாகி வருகின்றன. ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்ற முயற்சிகளை முன்மாதிரியாகக் கொண்டு, வன்னியின் பொது நூலகங்கள் ஒவ்வொன்றும் அத்தகைய கருவிகள் சிலவற்றையும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரையும் வைத்திருக்குமாயின், தனியொருவர் மேசையில் நடக்கும் காரியம் ஊர்ப்பொதுவாகும். அதற்குச் செலவு அதிகமில்லை, காலந்தான் அதிகமில்லை.