உப்புக் களவு

எங்கள் பூட்டனார் மறியலுக்குப் போனவர் என்பதை வாப்பா ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. சின்ன வயதில் விளையாட்டில் சண்டை வந்தால், "கள்ளன்ட பரம்பரை" என்று பெடியன்கள் ஏசுவார்கள். வீட்டில் வந்து கேட்டால் வாப்பும்மா, "அந்தக் கதைய உடு மகன்" என்று வாயை அடைத்துவிடுவா. அவ மௌத்தான பிறகுதான் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தின் படியேறினேன்.

பழைய வழக்கேடுகளில் பெயரை மட்டும் நம்பித் தேட முடியாது. எழுதுவினைஞர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் வருவார். தகப்பன் பெயர், ஊர், தொழில் மூன்றும் ஒத்துவர வேண்டும். நான்காம் நாள் ஒத்துவந்தது. குற்றம்: அனுமதியின்றி உப்பு வைத்திருந்தமை. அபராதம் கட்டத் தவறினால் மறியல்.

எங்கள் ஊர் அம்பாந்தோட்டை. லேவாயக் கரையில் வெயிலுக்குத் தானாக விளையும் உப்பு அன்று அரசாங்கத்தின் ஏகபோகம். 1908 முதல் 1911 வரை அங்கே உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ஃப், உப்புச் சேகரிப்பையும் நடத்தினார், நீதவானாகவும் இருந்தார். பூட்டனாரின் வழக்கு அவர் போன பிறகு நடந்தது. ஆனால் ஏற்பாடு அதுதான்: உப்புக்குச் சொந்தம் கொண்டாடியதும் தீர்ப்புச் சொன்னதும் ஒரே அரசு.

பிரித்தானியா 1788 முதல் 1868 வரை ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் அதிகமான கைதிகளை அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தியது. அவர்களின் சந்ததியினர் நெடுங்காலம் அதை மறைத்தார்கள். இன்று அந்த ஏடுகளைத் தேடிப் போகிறார்கள். உயரம், கண்ணின் நிறம், கையில் குத்திய பச்சை எல்லாம் அவற்றில் உண்டு. படம் பிடிக்க வசதியில்லாத ஏழையின் முகம் குற்றப் பதிவேட்டில்தான் மிஞ்சியிருக்கிறது. 2007இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

எங்கள் ஏட்டில் இன்னொன்றும் இருந்தது: காட்டிக்கொடுத்த சாட்சியின் பெயர். அந்தக் குடும்பத்தில்தான் என் தங்கச்சி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

தீர்ப்பை மட்டும் பிரதி எடுத்துவந்து வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கனநேரம் பேசாமல் இருந்தார்.

"உப்புக்கா எங்கட உம்மா சாகுமட்டும் தலயக் குனிஞ்சா?"

பிறகு, சாட்சி சொன்னது யாரென்று கேட்டார். எழுத்து மங்கிப்போயிருக்கு வாப்பா என்றேன்.

நான் சொன்னது பொய். அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.