கடலூர் டு சிதம்பரம்: பழைய அடுப்பும் ஒரு ‘டக்’ சத்தமும்

“கேஸ் ஸ்டவ் ரிப்பேர், குக்கர் ரிப்பேர், மிக்ஸி ரிப்பேர்...”

மொபெட்டில் கட்டிய ஸ்பீக்கரில் பதிவு செய்த குரல் ஓடிக்கொண்டே வர, கடலூர் முதுநகர்த் தெருவில் கதவுகள் திறக்கின்றன. சிலர் கையில் அடுப்பு, சிலர் கையில் லைட்டர். இரண்டையும் தூக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. எது கெட்டுப்போனது என்று அவர்களுக்கே தெரியாது!

முதுநகரில் அடுப்பு கெடுவதில் ஆச்சர்யம் இல்லை. துறைமுகம் கூப்பிடு தூரம். ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயரே உப்பனாறு. காற்றில் உப்பு கலந்து வருகிற இடத்தில் ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினுமே தாக்குப்பிடிப்பதில்லை, சமையலறை மட்டும் எப்படித் தப்பும்? எவர்சில்வர் என்று நம்பி வாங்கிய அடுப்பிலும் புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். முதலில் போவது கண்ணில் படாத அடித்தகடும் திருகுகளும்தான். மேலே பளபளவென்று இருக்கும். தூக்கினால் அடிப்பாகம் தனியாகக் கழன்று விழும்.

இவ்வளவு அரிப்பிலும் அசையாத ஒன்று பழைய அடுப்புகளில் இருக்கிறது. கனமான பித்தளை பர்னர். 2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்த பிறகு விறகை விட்ட குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. அதற்கும் முன்பே கல்யாணச் சீராக அடுப்பு வந்த வீடுகளும் உண்டு. சட்டம் இற்றுப்போனாலும் அந்த பர்னரைக் கழற்றி, புளித் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் பாட்டி வீட்டுக் குத்துவிளக்கு போல மின்னும். புளியில் உள்ள அமிலம் பித்தளையின் மேல் படிந்த கறையைக் கரைத்துவிடும். ஆனால் நன்றாக அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும்.

பர்னரை வீட்டிலேயே கழுவலாம். ஜெட்டில்தான் கவனம் வேண்டும். கேஸ் பீய்ச்சி வரும் அந்தச் சின்ன பித்தளைத் துண்டின் துளையை ஊக்கால் குத்துவது பல வீடுகளில் வழக்கம். துளை மயிரிழை பெரிதானாலும் கேஸ் கூடுதலாக வரும், உள்ளே இழுக்கப்படும் காற்று அதற்குப் போதாது. நீலத் தீ போய் மஞ்சள் தீ வரும், பாத்திரத்தின் அடி கறுக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்த புன்சன் பர்னரின் அதே சூத்திரம்தான் இது. காற்று நுழையும் வாயில் பூச்சி கூடு கட்டினாலும் இதே கோளாறு வரும்.

கடற்கரை வீடுகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நல்ல நீலத் தீயில் திடீரென ஆரஞ்சுப் பொறி பறந்து மறையும். உப்பில் இருக்கும் சோடியம் எரிகிற நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை. தீயின் நுனி நிரந்தரமாக மஞ்சளாகி, கரியும் பிடித்தால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

மெக்கானிக்குகள் அதிகம் கேட்கும் புகார், ‘ஆட்டோமேட்டிக்’ அடுப்பைப் பற்றியது.

“அண்ணே, நாப்பைத் திருகுனா டிக் டிக்னு சத்தம்தான் வருது, பத்த மாட்டேங்குது.”

“பேட்டரி மாத்துனீங்களாக்கா?”

“ரெண்டு தடவை மாத்திட்டேன்.”

“அப்ப அதை மறந்துடுங்க. லைட்டரால பத்த வைங்க, அடுப்பு இன்னும் பத்து வருஷம் உழைக்கும்.”

இதைத் தட்டிக்கழிக்கும் பதில் என்று நினைக்க வேண்டாம். பேட்டரியில் இயங்கும் இக்னிஷனில் பேட்டரி முனை, ஒயர், சின்ன சர்க்யூட், பர்னர் ஓரத்தில் வெள்ளைப் பீங்கான் சுற்றிய கம்பி முனை என நாலைந்து பலவீனமான இடங்கள் இருக்கின்றன. உப்புக் காற்றில் பேட்டரி முனை பச்சை பூத்தால் போதும், மின்சாரம் நின்றுவிடும். பொங்கிய பால் பீங்கான் மேல் வழிந்து காய்ந்தால், பொறி பர்னருக்குத் தாவாமல் அந்தக் கறை வழியாகவே கசிந்துவிடும். அந்தப் பீங்கானைத் துணியால் துடைத்துப் பார்ப்பது நல்லது. பாதிக் கோளாறு அதிலேயே சரியாகும்.

கையில் பிடிக்கும் லைட்டரில் பேட்டரியே இல்லை. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு குட்டிச் சுத்தியல், ஒரு பீங்கான் துண்டு. அமுக்கும்போது ஸ்பிரிங் இறுகும், விடுபட்ட சுத்தியல் பீங்கானை ‘டக்’கென்று அடிக்கும். அந்த ஒரு அடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் பிறந்து, முனையில் பொறியாகப் பாய்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-ல் பாரிஸில் கண்டுபிடித்தவர்கள் ஜாக் கியூரியும் அவர் தம்பி பியர் கியூரியும். தம்பிக்கு அப்போது வயது 21. அவர் பின்னாளில் மேரி கியூரியின் கணவர் ஆனார். ரேடியம் நினைவில் நின்ற அளவுக்கு, தினமும் காபி போட உதவும் இந்தக் கண்டுபிடிப்பு நம் நினைவில் நிற்கவில்லை!

லைட்டரும் நனைந்தால் பொறி விடாது. ஆனால் ஒரு நாள் வெயிலில் கிடந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நனைந்த சர்க்யூட்டுக்கு, அதுவும் உப்புத் தண்ணீரில் நனைந்ததற்கு, அப்படி மறுபிறவி கிடைப்பது அபூர்வம்.

கடலூருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் காட்சிப் பொருளாகிவிட, தீப்பெட்டியோ நமத்துப்போனது. அந்த நாள்களில் சிலிண்டரும் லைட்டரும் இருந்த வீட்டில் கஞ்சியாவது கொதித்தது. 2024 டிசம்பரில் ‘ஃபெஞ்சல்’ புயல் மழையில் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூருக்குள் நுழைந்தபோதும் வீடுகள் சேற்றில் மூழ்கின. வெள்ளத்தில் முழு சிலிண்டரும் மிதக்கும் என்பது பலருக்குத் தெரியாது. 14.2 கிலோ கேஸோடு சேர்த்து அதன் எடை சுமார் 30 கிலோ, அது விலக்கும் தண்ணீரின் எடை அதைவிட அதிகம். அதனால் வெள்ளம் வருமுன் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்த்திக் கட்டிவைப்பது நல்லது.

சேறு புகுந்த அடுப்பைப் பிழைக்கவைக்கலாம். பர்னர், ஜெட், வால்வு எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, வால்வுக்கு வெப்பம் தாங்கும் கிரீஸ் புதிதாகத் தடவினால் போதும். ஆனால் சேற்றில் நனைந்த ரெகுலேட்டரையும் ரப்பர் ட்யூபையும் காயவைத்து மாட்டக் கூடாது. புதிதுதான் வாங்க வேண்டும்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு சுமார் 45 கிலோமீட்டர். வழியில் இடதுபுறம் பரங்கிப்பேட்டைக்குச் சாலை பிரிகிறது. சேலம் பக்கத்து இரும்புத் தாதுவைக் கொண்டுவந்து, 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் உலை வைத்து இரும்பு உருக்கிய ஊர் அது. இன்று பிரியாணிக்கும் மீனுக்கும்தான் வண்டிகள் திரும்புகின்றன.

சிதம்பரத்தில் அடுப்பின் நோய் வேறு. கையிலேயே தீயை ஏந்தி ஆடுகிறவரின் ஊரில் லைட்டருக்கு என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள்! இந்த ஊரின் பெருமை கத்தரிக்காய் கொத்சு. குமுட்டி அடுப்புக் கரித் தணலில் கத்தரிக்காயைச் சுட்ட காலம் போய், இப்போது பல வீடுகளில் கேஸ் பர்னர் மேலேயே எண்ணெய் தடவிச் சுடுகிறார்கள். மணமென்னவோ வருகிறது. கூடவே எண்ணெயும் சாறும் சொட்டி பர்னர் துளைகளை அடைக்கின்றன. நடுவில் ஒரு கம்பி வலையை வைத்துச் சுட்டால் கொத்சும் பிழைக்கும், பர்னரும் பிழைக்கும்.

சாயங்காலமானால் கடை வாசல்களில் கிரில் சிக்கன் மெஷின்கள் சுழலத் தொடங்கும். அவற்றில் தணலாகச் சிவக்கும் பீங்கான் தட்டு விரிசல் விட்டால், தட்டை மட்டும் மாற்றி மெஷினை ஓட்டுகிறார்கள். பற்றவைக்க நீளமான லைட்டர், இல்லையென்றால் காகிதச் சுருள். அண்ணாமலை நகரில் அறை எடுத்துத் தங்கும் மாணவர்களிடமோ, சீனியர் விட்டுப்போன ஒற்றை அடுப்பு கைமாறிக்கொண்டே இருக்கும். அடுப்பு கைமாறலாம், அதோடு வரும் ட்யூப் கைமாறக் கூடாது. ரப்பர் ட்யூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். வெடிப்பு தெரிந்தால் அன்றே.

ரிப்பேர் முடிந்ததும் நல்ல மெக்கானிக் முதலில் செய்வது, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுவது. குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியைக் காட்டிப் பார்ப்பவரிடம் அடுப்பைக் கொடுக்கவே வேண்டாம். நுரை அடங்கியபின் லைட்டரை பர்னரின் ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் நாப்பைத் திருப்புவார். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, திறந்துவிட்டு லைட்டரைத் தேடும் நேரத்தில் கீழே இறங்கித் தேங்கிவிடும். வீட்டில் கேஸ் வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்து, சிலிண்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906-க்கு போன் செய்யலாம்.

பண்டிகை நேரத்தில் பழைய அடுப்பைக் கொடுத்துப் புதியது வாங்கும் எக்ஸ்சேஞ்ச் மேளா இரண்டு ஊரிலும் களைகட்டும். அப்போது தெருமுனை மெக்கானிக்குகள் சொல்வது ஒன்றுதான்: “கொடுக்கிறதுக்கு முன்னாடி பர்னரைக் கையில எடுத்து கனம் பாருங்கம்மா.”