திணறினார்களா, திணறடித்தார்களா?

போன வாரம் குலசேகரன்பட்டினத்தில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் கடற்காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் ஆங்கிலப் புத்தகத்தோடு வந்தாள்.

"சித்தப்பா, சஃபகேட்னா மூச்சு முட்டுறதா, முட்ட வைக்கிறதா?"

"ரெண்டும்தாம்மா" என்றேன். புகையில் மூச்சுத் திணறிச் சாவதும் சஃபகேட்தான். முகத்தில் தலையணையை அழுத்திக் கொல்வதும் சஃபகேட்தான். ஒரு சேரியின் குரலை எழும்பவிடாமல் செய்வதையும் அதே சொல்லால் சொல்லலாம்.

தமிழில் இரண்டுக்கும் வேறு வேறு வினை இருக்கிறது. திணறு, திணறடி. அடங்கு, அடக்கு. ஒடுங்கு, ஒடுக்கு. அமுங்கு, அமுக்கு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. பின்னதைச் சொன்னால் உடனே 'யார்?' என்று கேட்கத் தோன்றும். அதனால்தான் அதைச் சொல்லமாட்டார்கள்.

'கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி' என்கிறது செய்தி. தாக்கியது வாயு. உபகரணம் கொடுக்காமல் உள்ளே இறக்கியவர் அந்த வாக்கியத்திலேயே இல்லை. அப்படி இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியது, வாக்கியம் மாறவில்லை.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தின்மீது போலீஸ் தடியடி நடத்தியது. ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றது விசாரணை ஆணையம். மூழ்கினார்களாம்! தடியோடு ஆற்றுக்குள் விரட்டினால் அதற்குப் பெயர் மூழ்கடிப்பது இல்லையா?

ஊரைச் சொல்லி என்ன, நானும் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். எங்கள் தெருப் பையனை அடித்ததற்காக ஒரு மனு கொடுத்தோம். எஃப்.ஐ.ஆர். போடவே இல்லை. ஆறு மாதம் அலைந்தபின், "அது அப்படியே அமுங்கிப்போச்சு தம்பி" என்றார் அங்கிருந்த ஒருவர். வீட்டுக்கு வந்து என் நோட்டிலும் 'மனு அமுங்கிவிட்டது' என்றே எழுதினேன்.

அன்றிரவு அந்த நோட்டைத் தேடி எடுத்து, 'அமுக்கிவிட்டார்கள்' என்று திருத்தினேன். கீழே யார் யார் என்றும் எழுதினேன்.

தோழர்களே, மனு எழுதும்போது பிறவினையில் எழுதுங்கள். செய்தவர் பெயரை முதலில் எழுதுங்கள்.