தேக்காவிலிருந்து மணலைத் தேடி

ஞாயிற்றுக்கிழமை காலை முசிறியிலிருந்து சித்தப்பா அழைத்தார். காவிரியில் மணல் குவாரி வரப்போகிறதாம். லாரிகள் ஆற்றில் இறங்க எங்கள் தென்னந்தோப்பு ஓரமாகப் பாதை கேட்கிறார்களாம். "மாசா மாசம் வாடகை தர்றாங்களாம். நீ கட்டட வேலையிலதானப்பா இருக்க, விடலாமா வேணாமா, சொல்லு" என்றார்.

சிங்கப்பூரில் கான்கிரீட்டுக்கு அளவு போடுவதுதான் என் பிழைப்பு. மணலைக் கன மீட்டர் கணக்காகத் தவிர வேறு விதமாகப் பார்த்ததே இல்லை. சாயங்காலம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, வழக்கம்போல் தேக்காவுக்குக் கிளம்பினேன்.

சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டாமல் யாரும் போவதில்லை. அந்தக் கோயிலுக்குச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று பழைய பெயர் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் வந்த பெயர். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்களுக்குப் பூசியது 'மெட்ராஸ் சுண்ணாம்பு'. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் எல்லாம் அதில் சேர்ந்தன. கருங்கல் வேண்டுமென்றால் புலாவ் உபின் தீவு பக்கத்திலேயே இருந்தது. ஊரைக் கட்டத் தேவையானது பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த காலம் அது.

லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் பாதை ரயிலைப் பிடித்தால், மாறாமல் பிடோக் நீர்த்தேக்கத்துக்குப் போய்விடலாம். வழியில் பூகிஸ் நிலையம். அதன் பக்கத்தில் பீச் ரோடு இருக்கிறது. அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த கடற்கரை இன்று வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது. 1966இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்புக்குச் சிக்லாப், தெம்பனிஸ் பக்கத்துக் குன்றுகளை வெட்டிக் கடலில் கொட்டினார்கள். 1960களில் சுமார் 581 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இப்போது சுமார் 735.

வெட்டுவதற்குச் சொந்தக் குன்று தீர்ந்தால்? பக்கத்து நாடுகளின் ஆறும் கடலும்தான். மலேசியா 1997இல் மணல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2007இல் இந்தோனேசியா நிறுத்தியபோது இங்கே கான்கிரீட் விலை எகிறியது. அரசு முன்யோசனையாகக் குவித்து வைத்திருந்த மணலை எடுத்துவிட வேண்டியிருந்தது. பிறகு கம்போடியா. கோ கோங் மாநிலத்தின் ஆற்று முகத்துவாரங்களில் மணல் தோண்டியதால் மீனும் நண்டும் அற்றுப்போயின என்று அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். சிங்கப்பூருக்கு மணல் அனுப்புவதை அந்த நாடு 2017இல் நிறுத்தியது. உரிய அனுமதி பெற்றவர்களிடம் வர்த்தக முறையில்தான் மணல் வாங்கப்படுகிறது என்பது சிங்கப்பூர் அரசின் விளக்கம். ஆனால் அனுமதிச்சீட்டு ஆற்றின் கணக்கைச் சொல்லாதே! இப்போது புலாவ் டெக்கோங்கில் கரை எழுப்பி, நீரை இறைத்து, குறைந்த மணலில் நிலம் எடுக்கும் நெதர்லாந்து முறைக்கு வந்திருக்கிறார்கள்.

பிடோக் நீர்த்தேக்கமும் ஒரு காலத்தில் மணற்குழிதான். 1980களில் அதை ஏரியாக மாற்றினார்கள். நான் போனபோது தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு குடும்பம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெரியவர் தூண்டில் போட்டிருந்தார். குழி இவ்வளவு அழகாக ஆகுமென்றால், முசிறியில் ஏன் பயப்பட வேண்டும்? கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அப்படித்தான் யோசித்தேன்.

ஆனால் இது மேட்டு நிலத்தில் தோண்டிய குழி. ஆற்றுப்படுகை வேறு சமாச்சாரம். மணல்தான் வெள்ள நீரைக் குடித்து, கரையோரக் கிணறுகளுக்குக் கொடுக்கிறது. படுகை இறங்கினால் கிணறும் இறங்கும், பாலத்தூணின் காலும் வெளியே தெரியும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சி கொள்ளிடம் பழைய இரும்புப் பாலம் சரிந்து, முக்கொம்பு மேலணையில் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது, காரணங்களில் ஒன்றாக மணல் அள்ளியதைத்தான் ஊரே பேசியது. அதற்கு முந்தைய ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை குவாரிகளை ஆறு மாதத்தில் மூடச் சொன்ன உத்தரவும், தூத்துக்குடியில் மலேசிய மணல் வந்து இறங்கிய கதையும் பலருக்கு நினைவிருக்கும். காவிரிக்காரன் கப்பலில் மணல் வாங்கினான்!

குவாரிக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, ஆறு ஆண்டுக்கு எவ்வளவு மணல் கொண்டுவந்து போடுகிறது என்பதை. முசிறிக்கு மேலே 1934 முதல் மேட்டூர் நிற்கிறது. பவானிக்கும் அமராவதிக்கும் தனித்தனி அணைகள், அப்புறம் மாயனூர் கதவணை. மணல் தண்ணீரைப் போல மதகு திறந்ததும் ஓடி வந்துவிடாது. இன்று படுகையில் கிடப்பதில் பெரும்பகுதி பழைய சேமிப்பு.

அங்கிருந்தே சித்தப்பாவை அழைத்தேன். மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். வருஷத்துக்கு எவ்வளவு மணல் திரும்பி வருகிறது, யார் அளந்தது? எத்தனை அடி ஆழம் எடுப்பார்கள், நீர்மட்டத்துக்கு மேலேயே நிறுத்துவார்களா? பாலத்துக்கும் குடிநீர்க் கிணறுகளுக்கும் எவ்வளவு தூரம் விடுவார்கள்?

"அதெல்லாம் யாரும் சொல்லலப்பா. வாடகைதான் சொன்னாங்க." கொஞ்சம் இடைவெளி விட்டு, "நீ சின்னப் பையனா இருந்தப்ப நம்ம தோப்புக் கிணத்துல பன்னெண்டு அடியில தண்ணி மொண்டோம். இப்ப நாப்பதுக்குப் போயிருச்சு" என்றார்.

பாதை கேட்டவர்கள் புதன்கிழமை மறுபடி வருகிறார்களாம். மூன்று கேள்வியையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொன்னார், கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில்.