மாடியில் ஒரு நுரைக்கூடு

படி ஏறும்போதே வாசனை வந்துவிட்டது. மீன் வாடை இல்லை. ஊறிய இலையும் ஈரச் சிமெண்டும் கலந்து, மழை பெய்த மறுநாள் ஏரிக்கரையில் அடிக்குமே, அந்த வாசனை. வடசென்னை கொளத்தூரில் ஒரு சந்துக்குள் இருக்கிற வீடு. மொட்டை மாடியில் பச்சை வலைப் பந்தலுக்கு அடியில் சிமெண்ட் தொட்டிகள், மல்லாக்கப் போட்டுத் தண்ணீர் நிரப்பிய பழைய ஃப்ரிட்ஜ் கூடுகள். மிச்சமிருந்த தரை முழுக்கக் கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஃபைட்டர் மீன்: சிவப்பு, கருநீலம், வெள்ளை, மயில் கழுத்து நிறம். பாட்டிலுக்குப் பாட்டில் நடுவே அட்டைத் துண்டு செருகியிருந்தது. ஒன்றையொன்று பார்த்துவிட்டால் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் மோதிக்கொண்டே இருக்குமாம்.

ஒரு தொட்டிக்குள் விரலை நீட்டப் போனேன். "கைய விட்றாத தம்பி. சோப்பு போட்ட கையா இருந்தா அதுக்கு ஆகாது" என்றார் அந்த வீட்டு அக்கா. ஐம்பது வயதிருக்கும். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. வலை பிடிப்பது, மருந்து போடுவது, கடைக்காரர்களிடம் பேசுவது எல்லாம் அவர் வீட்டுக்கார அண்ணன். தண்ணீர் மாற்றுவதும் குஞ்சுக்குத் தீனி வைப்பதும் அக்கா. இந்தத் தெருவில் பல வீடுகளில் இதே ஏற்பாடுதான் என்றார்.

நான் இங்கே வந்ததற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு ஃபைட்டர் மீன் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைப் பளபளவென்று கழுவி, குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்பிவிட்டேன். சாயங்காலம் மீன் மல்லாந்து கிடந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின்தான் அதைக் கொன்றது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு நாள் திறந்து வெச்சிருக்கணும்பா" என்று மட்டும் சொன்னார்.

அன்று ஒரு ஜோடியைச் சேர்த்துவிடும் நாள். பத்து நாளாகவே ஆணையும் பெண்ணையும் பக்கத்துப் பக்கத்து பாட்டிலில் வைத்து, உயிருள்ள தீனி கொடுத்துத் தேற்றியிருந்தார்கள். பெண் மீனின் வயிறு உருண்டிருந்தது. உடம்பில் குறுக்குக் கோடுகள் எழும்பியிருந்தன. வயிற்றுக்கு அடியில் அரிசி நொய் போல ஒரு வெள்ளைப் புள்ளி. முட்டைக்குத் தயார் என்பதற்கு அதுதான் அடையாளம். ஆண் மீனோ, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மாடியிலேயே சுமாரான நிறம். மங்கிய சிவப்பு. அதற்குப் பக்கத்திலேயே கண்ணைப் பறிக்கும் நீலம் ஒன்று இருக்க, இதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"அது அழகு மட்டுந்தான். இவனுக்கு நுரை கட்டத் தெரியும்."

வாயால் காற்றை உறிஞ்சி, எச்சிலால் குமிழியாக்கி, நீர்ப்பரப்பில் ஒட்டிவைத்துக்கொண்டே போகும் ஆண் மீன். அந்த நுரைதான் கூடு. சாண் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விட்ட தொட்டியில் காய்ந்த பாதாங்காய் மரத்து இலை ஒன்றை மிதக்கவிட்டிருந்தார் அக்கா. இலைக்கு அடியில் கூடு கலையாமல் நிற்கும். சென்னைத் தெருக்களில் உதிர்ந்து குப்பையோடு போகிற அதே இலைதான். ஊறினால் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். இலையில் இருந்து இறங்கும் துவர்ப்பு பூஞ்சையை அண்டவிடாது என்பது மீன் வளர்ப்போர் எல்லோரும் நம்பும் வைத்தியம்.

இந்த மீனுக்குச் சொந்த ஊர் தாய்லாந்து. நெல் வயல்களிலும் ஆழமில்லாத தேங்கு நீரிலும் வாழ்ந்தது. சண்டைக்காக அங்கே தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். அன்று சயாம் எனப்பட்ட அந்நாட்டின் அரசரிடமிருந்து கைமாறி வந்த மீன்களை 19ஆம் நூற்றாண்டில் தியடோர் கேன்டர் என்ற டேனிஷ் மருத்துவர் ஆராய்ந்தார். ஆனால் வேறொரு இனமென்று எண்ணிக்கொண்டார். 1910இல்தான் சார்லஸ் டேட் ரீகன் அதற்கு பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று பெயர் வைத்தார். 2019இல் தாய்லாந்து அரசு அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அக்காவின் பாட்டில்களில் இருக்கும் கிரவுன் டெயில் வகை இந்தோனேசியாவில் உருவானது. தேச எல்லைகளைத் தாண்டி வந்த மீனுக்கு இந்தச் சந்தில் பெயர் ஒன்றுதான்: ஃபைட்டர்.

மூன்றாம் நாள் மறுபடி போனேன். முட்டை போட்டாயிற்று. ஆண் தன் உடம்பை வளைத்துப் பெண்ணை அணைத்துக்கொள்ள, முட்டைகள் உதிர்ந்து கீழே இறங்கும். ஆண் ஓடிப்போய் ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கிக் கூட்டுக்குள் வைக்கும். மணிக்கணக்கில் இது நடக்கும். முடிந்ததும் பெண்ணை விரட்டிக் கடிக்கும். வால் கிழிந்த பெண் மீனைத் தனியாக எடுத்து, இலை ஊறிய தண்ணீரில் விட்டிருந்தார்கள். அன்றைக்கு நான் பார்த்தபோது நுரைக்கு அடியில் வாலைத் தொங்கவிட்டபடி குஞ்சுகள் புள்ளி புள்ளியாக நின்றன. ஒன்று நழுவிக் கீழே போயிற்று. அந்த மங்கிய சிவப்பு ஆண் தலைகுப்புறப் பாய்ந்து, வாயில் கவ்விக் கொண்டுவந்து, பழைய இடத்திலேயே துப்பிவிட்டு மேலே பார்த்தபடி நின்றது. நான் எவ்வளவு நேரம் குனிந்து நின்றேனோ, கழுத்து வலித்தது.

குஞ்சு நேராக நீந்த ஆரம்பித்தால் தகப்பனையும் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பொறுப்பு அக்காவுடையது. கண்ணுக்கே தெரியாத வாய்க்குக் கண்ணுக்கே தெரியாத தீனி வேண்டும். கோஸ் இலையை ஒரு வாளியில் ஊறப்போட்டு, அது பால்போலக் கலங்கிப் பிறகு தெளியும்வரை காத்திருந்தால், அந்தத் தண்ணீரில் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும். கரண்டி கரண்டியாக அதை விடுகிறார். நாலைந்து நாளுக்குப் பிறகு உப்புத் தண்ணீரில் பொரித்த ஆர்ட்டிமியா என்ற பொடி இறால். அதன் பிறகு தண்ணீர்ப் பூச்சி. அவித்த மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். "மிஞ்சினா தண்ணி கெட்டுடும். ராத்திரி வெச்சுட்டுத் தூங்கினா காலைல ஒண்ணும் இருக்காது" என்றார். சாக்கடையில் அள்ளும் சிவப்புப் புழு மலிவு. ஆனால் நோய் சேர்ந்து வரும் என்று குஞ்சுக்கு அவர் அதைத் தொடுவதில்லை.

தொட்டியின் மேல் மூடி ஏன் என்று கேட்டேன். இந்த இனத்துக்குச் செவுளுக்கு மேலே காற்றை நேராகச் சுவாசிக்கிற உறுப்பு ஒன்று உண்டு. அது குஞ்சுக்குச் சில வாரங்களில்தான் உருவாகும். மேலே வந்து முதல் மூச்சு வாங்கும் நாட்களில் குளிர்ந்த காற்று பட்டால் செத்துப்போகும். மார்கழியில் போர்வை போர்த்திவிடுகிறேன் என்றார்.

எனக்கு ஒரு ஆதங்கம் இங்கேதான். காற்றைச் சுவாசித்துப் பிழைத்துக்கொள்கிறது என்பதற்காக, இதை உள்ளங்கை அகலக் கிண்ணத்தில் வைத்து மேசை அலங்காரமாக விற்கிறார்கள். பாட்டில் என்பது வளர்ப்பவர் வீட்டில் சண்டையைத் தடுக்கும் தற்காலிக அறை. வாங்கிப் போகிறவர் சில லிட்டர் தண்ணீராவது பிடிக்கும், மூடியுள்ள தொட்டி வைக்க வேண்டும். அக்காவும் இதையேதான் சொன்னார். ஆனால் அவர் சொல் கடையைத் தாண்டி வாங்குபவர் காதுவரை போவதில்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசினால் 2019 வந்துவிடுகிறது. அந்தக் கோடையில் பக்கத்திலிருக்கும் புழல் ஏரி பாளமாக வெடித்துக் கிடந்தது. வீட்டு போர் வற்றிவிட்டது. குடிக்க, சமைக்க வாங்கிய லாரித் தண்ணீரிலிருந்து மீனுக்கும் பங்கு வைத்தார்கள். தாய் மீன்களை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்றதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். "நாங்க ரெண்டு நாளைக்கு ஒருக்கா குளிச்சோம். அதுங்களுக்கு மாத்தாம இருக்க முடியாதே" என்றபோது அவர் குரலில் புகார் இல்லை.

இரண்டு மாதம் கழித்து மூன்றாவது முறை. குஞ்சுகள் விரல் கணு நீளம். ஆண்கள் ஒன்றையொன்று முறைக்க ஆரம்பித்துவிட்டன. பாட்டிலில் பிரிக்கும் வேலை. அண்ணன் வலையில் அள்ளித் தர, அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்தார். அதோடு பழைய பாட்டில்களுக்குத் தண்ணீர் மாற்றவும் வேண்டும்: பாட்டிலைக் கவிழ்த்து மீனை வலையில் பிடி, பாட்டிலை அலசு, புதுத் தண்ணீர் ஊற்று, மீனை விடு. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, அத்தனை பாட்டிலுக்கும். நானும் உட்கார்ந்தேன். இருபதாவது பாட்டிலில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அக்கா அதற்குள் ஒரு வரிசையை முடித்திருந்தார். ஒரு மீனுக்குக் கடைக்காரர் தருவது இரண்டு டீயின் விலைகூட இல்லை.

"கலரு வர்ற வரைக்கும்தான் தம்பி வேலை. கலரு வந்துட்டா வித்துரும்" என்றார். விலை வைக்கப்படுவது அந்த நிறத்துக்கு மட்டுமே. கோஸ் ஊறிய வாளிக்கும் மார்கழிப் போர்வைக்கும் யாரும் விலை வைப்பதில்லை.

பெண் குஞ்சுகளுக்கு அந்த விலையும் கிடையாது. பெரிய மீன்களுக்கு இரையாகக்கூட அவை போகின்றன. எனக்கு மனசு கேட்கவில்லை. அக்கா பதில் சொல்லாமல் அவை இருந்த தொட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாலைந்து பெண் மீன்களை வலையில் அள்ளி வெயிலில் பிடித்து, உடம்பு நீண்டு துறுதுறுவென்றிருந்த ஒன்றை மட்டும் தனி பாட்டிலில் விட்டார். அலசிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். கைப்பிடிச் சுவர் ஓரம் நுரை கட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளை ஆணுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பாட்டிலை நகர்த்தி வைத்து, இடையில் இருந்த அட்டையை மெல்ல உருவினார்.