பிள்ளைகள் எதை நம்புகிறார்கள்?



நம் பிள்ளைகள் விசுவாசப் பிரமாணத்தைத் தடையின்றி ஒப்புவிக்கிறார்கள். கேட்டு மகிழுகிறோம். ஆனால், "நீ எதை நம்புகிறாய்? அந்த நம்பிக்கை உனக்கு எப்படி வந்தது?" என்று நம்மில் எத்தனைபேர் அவர்களிடம் கேட்டிருக்கிறோம்? அமெரிக்காவில் பல ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறைகளில் இக்கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கையாளும் முறையை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

1951ஆம் ஆண்டு எட்வர்ட் மர்ரோ என்னும் செய்தியாளர், சி.பி.எஸ். வானொலியில் 'இதை நான் நம்புகிறேன்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். அணுகுண்டைக் குறித்த அச்சமும், அடுத்த வீட்டான்மேல் சந்தேகமும் அந்நாட்டைப் பீடித்திருந்த காலம் அது. ஹெலன் கெல்லர், எலினோர் ரூஸ்வெல்ட், விளையாட்டு வீரர் ஜாக்கி ராபின்சன் முதலானோரும், ஊர் அறியாத எளியோரும் தங்களை நடத்தும் நம்பிக்கையைச் சில நிமிடங்களில் எடுத்துரைத்தார்கள். 2005ஆம் ஆண்டு அந்நாட்டின் தேசியப் பொது வானொலி அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. வகுப்பறைகளிலும் அது இடம்பெற்றது.

மாணவருக்குத் தரப்படும் விதிகள் எளியவை. ஏறக்குறைய 500 சொற்களுக்குள் எழுதவேண்டும். நம்பிக்கையை ஓரிரு வாக்கியங்களில் பெயரிட்டுச் சொல்லவேண்டும். அது உருவான நிகழ்ச்சியை விவரிக்கவேண்டும். எதை நம்பவில்லை என்று வாதிடாமல், எதை நம்புகிறோம் என்பதையே கூறவேண்டும். 'நாம்' என்று பொதுப்படப் பேசாமல், 'நான்' என்று எழுதவேண்டும். யோசித்துப் பாருங்கள்: நாம் சபையாகக் கூடி நின்று சொல்லும் பிரமாணமும் 'விசுவாசிக்கிறேன்' என்றே ஒருமையில் அமைந்திருக்கிறது!

இதனோடு வேறொரு முறையும் இணைகிறது. 1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டேனா ஆச்லி முதலானோர் 'டிஜிட்டல் கதைசொல்லல்' என்பதை வளர்த்தார்கள். தன் கதையைத் தன் சொந்தக் குரலில் பதிவுசெய்து, சில புகைப்படங்களைச் சேர்த்து, இரண்டு மூன்று நிமிடப் படமாக்குவதே அது. கணினியைத் தொடுமுன்னே அனைவரும் வட்டமாக அமர்ந்து, ஒருவர் கதையை மற்றவர்கள் கேட்கிறார்கள். கேட்பவர் இருப்பதாலேயே கதை தெளிவடைகிறது. பின்பு பதிவான தன் குரலைத் தானே கேட்கும்போது, எந்த வாக்கியம் தன்னுடையது, எது இரவல் வாங்கியது என்பதை மாணவனின் காதே அவனுக்கு உணர்த்திவிடுகிறது.

நானும் எழுதிப் பார்த்தேன். பிரசங்கித்துப் பழகிய கை 'நாம்' என்ற சொல்லையே நாடியது. அதை விலக்கியபின், மனதில் வந்து நின்றது என் தாயாரின் சிறிய தகர டப்பா. உலைக்கு அரிசி களையுமுன் ஒரு கைப்பிடி அரிசியை அதில் போடுவார்கள். மாதக் கடைசியில் பானையின் அடி தெரியும் நாட்களிலும் போடுவார்கள். 'மிஞ்சுமா என்று பார்க்குமுன் எடுத்து வைப்பதே கொடுத்தல் என்று நான் நம்புகிறேன்' என்று எழுதினேன். இதைப் படமாக்கினால் தாயாரின் புகைப்படம்கூடத் தேவையில்லை. அந்த டப்பா ஒன்றே போதும். மற்றதைக் குரல் சொல்லிவிடும்.

ஆயினும் ஒரு எச்சரிக்கை அவசியம். பிள்ளைகளில் சிலர் சுமக்கும் கதைகள் காயமுள்ளவை. எதைச் சொல்லுவது, யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை அந்தப் பிள்ளைக்கே உரியது. மதிப்பெண்ணுக்காக ஒருவனுடைய கண்ணீரை வரவழைப்பது கல்வி ஆகாது. எழுத்து எவ்வளவு தெளிவாய் இருக்கிறது என்று ஆசிரியர் மதிப்பிடலாம்; அதில் சொல்லப்பட்ட நம்பிக்கைக்கு மதிப்பெண் இடலாகாது.

பெற்றோரே, பதினேழு பதினெட்டு வயதில் நம் பிள்ளைகள் கல்லூரி விடுதிக்குப் பெட்டி கட்டுகிறார்கள். அங்கே ஞாயிறு காலையில் எழுப்பிவிட நாம் இருக்கமாட்டோம். நாம் சொல்லிக்கொடுத்த சொற்களில் எவை அவர்களுடையவை ஆயின என்பது அப்போதுதான் வெளிப்படும். அதற்குமுன் அவர்கள் வாயால் கேட்க நமக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இந்த வாரம் ஒரு மாலைவேளையில் அவர்களைக் கேளுங்கள். கைபேசியிலேயே பதிவுசெய்ய அவர்கள் விரும்பினால் செய்யட்டும். நீங்கள் எதிர்பார்த்த பதில் வராமல் போகலாம். ஜெபத்தைக் குறித்த சந்தேகமே முதலாவது வரலாம். இடையில் திருத்தாதிருங்கள். முடிவுவரை கேளுங்கள். பின்பு உங்கள் நம்பிக்கை உருவான கதையை, 'நான்' என்று தொடங்கி, அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கேட்கிற செவியைக் கர்த்தர் நம் யாவருக்கும் தந்தருளுவாராக. ஆமென்.