அழித்து அழித்து வரைந்த முகங்கள்



போரில் வீடிழந்த குழந்தையை வரையச் சொன்னால், பாதி ஓவியர்கள் இரண்டு பெரிய கண்களோடு வேலையை முடித்துவிடுவார்கள். இங்கே லண்டனில் தொண்டு நிறுவனங்களின் சுவரொட்டிகளிலும் அதே கண்கள்தான். பார்த்தவர் இரங்கி ஐந்து பவுண்டு அனுப்புவார். அனுப்பட்டும், நல்லதுதான். ஆனால் அந்தக் குழந்தைக்கு வயது ஏறுவதே இல்லை.

வயது ஏறிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். ஃபிராங்க் அவர்பாக், 1931இல் பெர்லினில் பிறந்த யூதர். 2024 நவம்பரில் தன் 93ஆம் வயதில் லண்டனில் காலமானார். அகதிக் குழந்தைகளை வரைந்து பெயர் வாங்கியவர் அல்ல. அவரே அகதிக் குழந்தை. வளர்ந்து மற்றவர்களின் முகங்களை வரைந்தார்.

அப்பா காப்புரிமை வழக்கறிஞர், அம்மா ஓவியம் படித்தவர். 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் நாஜிகளால் நொறுக்கப்பட்டன. அதற்குப் பிறகு, போர் மூள்வதற்குள், ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பெற்றோரை விட்டுப் பிரிட்டன் வந்து சேர்ந்தார்கள். அவர்பாக்குக்கு வழி திறந்தது ஐரிஸ் ஒரிகோ என்ற எழுத்தாளரால். அவர் செலவை ஏற்றுக்கொண்ட ஆறு பிள்ளைகளில் இவரும் ஒருவர். 1939 ஏப்ரலில் ஹாம்பர்க்கில் கப்பல் ஏறியபோது எட்டு வயது நிறையவில்லை.

பெட்டி அடுக்கிய அம்மா, மகன் வளர்ந்தபின் போடவேண்டிய உடுப்புகளின் மூலையில் சிவப்பு நூலால் குறுக்குத் தையல் போட்டு அடையாளம் வைத்தார். பெரியவனாகிக் குடித்தனம் நடத்தும்போது வேண்டுமே என்று மேசை விரிப்பும் படுக்கை விரிப்பும்கூட வைத்தார். அந்த வயதில் மகனுக்குப் பக்கத்தில் தான் இருக்கப்போவதில்லை என்று நினைத்துத்தான் ஒரு தாய் இப்படி அடுக்குவாள். செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வந்துகொண்டிருந்த கடிதங்கள் பிறகு நின்றுபோயின. பெற்றோர் இருவரும் ஆஷ்விட்ஸ் நாஜி முகாமில் கொல்லப்பட்டார்கள். எண்பதுகளில் ஈழத்துப் போரிலிருந்து காப்பாற்ற, ஏஜென்சிக்காரரை நம்பிப் பிள்ளையைத் தனியே விமானம் ஏற்றிய நம்மவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

பையன் பன்ஸ் கோர்ட் பள்ளியில் வளர்ந்தான். ஜெர்மனியில் நடத்திவந்த பள்ளியை அன்னா எசிங்கர் 1933இல் இங்கே கென்ட்டுக்குக் கொண்டுவந்து நிறுவியிருந்தார். பிறகு லண்டனில் ஓவியப் படிப்பு. 1954இல் மார்னிங்டன் கிரசென்ட் பக்கத்தில் எடுத்த ஓவியக்கூடத்தை அவர் விடவேயில்லை.

அவர் வேலைசெய்த விதம்தான் விசித்திரம். ஒரு நாள் முழுக்க வரைந்த முகத்தைச் சுரண்டி எடுத்துவிடுவார். அடுத்த அமர்வில் முதலிலிருந்து தொடங்குவார். ஐம்பதுகளில் கரித்துண்டால் வரைந்த தலைகளை 2024இல் கோர்ட்டால்ட் கலைக்கூடத்தில் பார்த்தேன். அழித்து அழித்துத் தாள் கிழிந்த இடத்தில் வேறு தாளை ஒட்டி, அதன்மேலேயே தொடர்ந்திருக்கிறார். ஒட்டுப்போட்ட விளிம்பை மறைக்க எந்த முயற்சியும் இல்லை. கன்னத்துக் கருமைக்குள் சற்று நின்று பார்த்தால்தான் ஆள் தெரிகிறார்.

இந்த இருட்டெல்லாம் யூதப் படுகொலையின் நிழல் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். காயத்தைத் தேடிக்கொண்டு படத்தைப் பார்ப்பவர்களுக்குக் காயம் மட்டுமே கிடைக்கும். என் கண்ணில் பட்டது வேறு. ஸ்டெல்லா வெஸ்ட் என்ற பெண்ணை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வரைந்தார். ஜூலியட் யார்ட்லி மில்ஸை நாற்பது ஆண்டுகள். கேத்தரின் லாம்பர்ட் 1978 முதல் வாராவாரம் வந்து உட்கார்ந்தார். வந்த ஆட்களே வந்தார்கள், அவர்கள் மூப்படைவதைக் கூடவே இருந்து பார்த்தார். எட்டு வயது நிறையுமுன் எல்லா முகங்களையும் ஒரே நாளில் இழந்தவர் இப்படி வாழ்ந்தது தற்செயலா என்று கேட்கத் தோன்றுகிறது. இதுவும் ஊகம்தான், நானும் அந்த விமர்சகர்கள் செய்வதையே செய்கிறேனோ என்னவோ. ஆனால் அகதி முகாம் வாசலில் ஒரு சொடுக்கில் எடுக்கும் நிழற்படத்தை உருவப்படம் என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது.

1933இல் பெர்லினிலிருந்து பத்து வயதில் வந்த இன்னொரு பிள்ளை லூசியன் ஃபிராய்டு. அவரும் பெரிய உருவப்பட ஓவியர், அவர்பாக்கின் நெருங்கிய நண்பர். ஃபிராய்டு சேர்த்துவைத்திருந்த அவர்பாக் படங்கள், ஃபிராய்டின் மறைவுக்குப் பின் வரிக்கு ஈடாக அரசுக்கு வந்து, பிரிட்டனின் பொதுக் கலைக்கூடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

லண்டன் வரும் உறவினரை மேடம் துசாட்ஸுக்குக் கூட்டிப்போய் மெழுகு முகங்களுக்குக் காசைக் கொட்டுகிறோம். டேட் பிரிட்டனின் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அவர்பாக் படம் எது மாட்டியிருக்கிறது என்று இணையத்தில் பார்த்துக்கொண்டு, அடுத்த முறை அங்கே கூட்டிப்போங்கள்.